60 மைலில் உதறும் ஸ்டியரிங்: ஒரு எம்ஜிபியின் முன்பக்கத்தைப் பிரித்துப் பார்த்த கதை

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர்களிடம் போய் "மணிக்கு 60 மைலைத் தொட்டால் ஸ்டியரிங் உதறுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே "இந்த வண்டியே அப்படித்தான்" என்பார்கள். மீதிப் பேர் ஆளுக்கொரு பாகத்தின் பெயரைச் சொல்லி, அதை மாற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். இரண்டையுமே நான் ஏற்பதில்லை. இங்கிலாந்தில் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்து விற்ற வண்டி இது. நெடுஞ்சாலையில் கை நடுங்க ஓட்ட வேண்டிய வண்டியை அத்தனை பேர் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டார்கள். சரியாக இருக்கிற எம்ஜிபி 70 மைலில் ஒரு கையால் பிடித்து ஓட்டக்கூடியது. உதறினால் எங்கோ ஏதோ கெட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

என்னுடையது 1971ஆம் வருட ரோட்ஸ்டர், கூரை திறக்கும் வகை. ஸ்போக் வீல், ஓவர்டிரைவ் இரண்டும் உண்டு. கோளாறு இதுதான்: 55 மைலில் ஸ்டியரிங்கில் மெல்ல ஒரு நடுக்கம் தொடங்கும். 62ஐ ஒட்டி உச்சத்துக்குப் போகும். கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரியும். 68, 70 வரும்போது தானாகவே அடங்கிவிடும். வாங்கியபோதே இருந்தது. முந்தைய உரிமையாளர் வைத்திருந்த ரசீதுக் கட்டைப் பார்த்தால், அவரும் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்று தெரிந்தது. டயர் மாற்றியிருக்கிறார், வீல் பேலன்ஸிங் செய்திருக்கிறார், ஸ்டியரிங்கை முன் சக்கரங்களோடு இணைக்கும் டை ராடு முனைகள் இரண்டையும் புதிதாகப் போட்டிருக்கிறார்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் வண்டியை ஓட்டிப் பார்த்தே பாதி வேலையை முடித்துவிடலாம். கூரை திறந்த எம்ஜிபியில் உடல் முறுக்கு அதிகம்; மேடு பள்ளத்தில் டேஷ்போர்டும் முன்கண்ணாடியும் தனியாக ஆடும். அது வேறு நடுக்கம். எந்த வேகத்திலும் வரும், வழவழப்பான சாலையில் காணாமல் போகும். என்னுடையது புதுத் தார் போட்ட இடத்திலும், அதே வேகத்தில் தவறாமல் வந்தது. ஆக, உடல் அல்ல.

அடுத்து என்ஜின். இதற்கு ஓவர்டிரைவ் மாதிரி ஒரு வசதி வேறில்லை. 62 மைலில் நான்காம் கியரில் போய்க்கொண்டிருக்கும்போது ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டினால், வண்டியின் வேகம் அதேதான், என்ஜின் சுற்று மட்டும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இறங்கும். உதறல் துளியும் மாறவில்லை. கிளட்ச்சை மிதித்து என்ஜினை ஐடிலுக்கு விட்டு உருட்டிப் பார்த்தேன், அப்போதும் அதே. என்ஜின், கிளட்ச், என்ஜின் மவுண்ட் எல்லாம் பட்டியலிலிருந்து போயிற்று. பிரேக்கை லேசாகத் தொட்டுப் பிடித்தபோது கூடவும் இல்லை, பெடலில் துடிப்பும் இல்லை. டிஸ்க் கோட்டமாக இருந்தால் அப்போது காட்டிக்கொடுத்திருக்கும்.

மிச்சம் சக்கரமும், கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும். இங்கே கொஞ்சம் கணக்கு உதவும். 62 மைல் என்றால் மணிக்கு 100 கிலோமீட்டர். 165 அகல 14 அங்குல டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.9 மீட்டர் உருளும். அப்படியானால் சக்கரம் நொடிக்கு 14 முறைக்குச் சற்று மேல் சுற்றுகிறது. பின் ஆக்ஸில் விகிதம் 3.909, அதனால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நொடிக்கு ஏறத்தாழ 57 முறை. 14க்கும் 57க்கும் உள்ள வித்தியாசத்தை உடம்பே சொல்லிவிடும்: முன்னது உதறல், பின்னது ரீங்காரம். சந்தேகம் இருந்தால் அதிர்வை அளந்து காட்டும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் போட்டு, கியர் பெட்டியின் மேல் மூடியில் ஒட்டிவைத்து, பக்கத்து இருக்கையில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லலாம். என் வண்டியில் முகடு 14க்கும் 15க்கும் நடுவில் நின்றது. சக்கரம்தான். இன்னும் சரியாகச் சொன்னால், சக்கரமும் அதோடு சேர்ந்து சுற்றுகிற எல்லாமும்.

ஆனால் இத்தோடு பேலன்ஸிங் கடைக்கு ஓடினால் முந்தைய உரிமையாளர் நின்ற இடத்தில்தான் நிற்போம். உதறலுக்கு இரண்டு பேர் வேண்டும். தூண்டிவிடுகிறவர் ஒருவர், பெருக்குகிறவர் இன்னொருவர். ஊஞ்சலைச் சரியான நொடியில் விரலால் தொட்டாலே உயரம் ஏறிக்கொண்டே போகிற மாதிரி, முன் சஸ்பென்ஷனுக்கும் ஸ்டியரிங்குக்கும் ஒரு சொந்தத் தாளம் உண்டு. சக்கரத்தின் சுற்று அந்தத் தாளத்தோடு ஒத்துப்போகும் வேகத்தில் சின்னக் குறைகூடப் பூதாகரமாகும். அதைத் தாண்டினால் அடங்கும். 70இல் அடங்குவதற்கு அதுதான் காரணம். பேரிங்கிலும், மூட்டுகளிலிருக்கும் ரப்பர் புஷ்ஷிலும் ஆட்டம் கூடக்கூட இந்தத் தாளம் எளிதாகக் கிளம்பும். எம்ஜிபியில் காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு, வேறு 7 டிகிரி; சக்கரத்தில் நடப்பதை அப்படியே கைக்குக் கொண்டுவரும் அமைப்பு. ஆகவே தூண்டுவதையும் தேட வேண்டும், பெருக்குவதையும் தேட வேண்டும். ஒன்றை மட்டும் சரிசெய்தால் கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், பிறகு திரும்பி வரும்.

முதலில் செலவில்லாத சோதனை. முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றினேன். ஸ்போக் வீலில் இது சுலபம். நடுவிலிருக்கும் காதுள்ள பெரிய நட்டைச் செம்புச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் சக்கரம் கையோடு வரும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு ஒன்று: வண்டியின் இடது பக்கம் வலது மரை, வலது பக்கம் இடது மரை. வண்டி முன்னால் போகும்போது சக்கரம் எந்தத் திசையில் சுற்றுமோ அந்தத் திசையில் தட்டினால் கழலும். நட்டிலேயே அம்புக்குறி இருக்கும், இருந்தாலும் அழுக்கில் தெரியாது. திசை மாற்றி ஓங்கி அடித்து மரையைக் கெடுத்தவர்கள் உண்டு.

மாற்றி ஓட்டியபோது ஸ்டியரிங் உதறல் பெருமளவு போய், இருக்கைக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் ஸ்டியரிங்கில் மிச்சம் கொஞ்சம் இருந்தது, அதே 62இல். நான் நினைத்த கணக்குக்கு இது பொருந்தியது: சக்கரத்தில் ஒரு குறை, அது தவிர முன்பக்கத்திலேயே ஏதோ ஒரு தளர்ச்சி.

சந்தேகச் சக்கரங்கள் இரண்டையும் தரையில் கிடத்தி நிதானமாகப் பார்த்தேன். சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு ஸ்போக் வீல் புதிதல்ல. சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டே போனால் ஏறத்தாழ ஒரே சுருதி கேட்க வேண்டும். மொத்தையாகக் கேட்கும் கம்பி தளர்ந்த கம்பி. இரண்டு சக்கரத்திலும் கம்பிகள் நன்றாகவே பேசின. முன் ஹப்பில், அதாவது சக்கரம் உட்காரும் நடுப்பகுதியில் மாட்டி, ஜாக்கி ஸ்டாண்டில் கட்டிய கம்பி முனையை ரிம்முக்கு மயிரிழை தள்ளி நிறுத்திச் சுழற்றினேன். பக்கவாட்டிலும் மேலும் கீழும் ஒரு மில்லிமீட்டருக்குள்தான் ஆட்டம். ரிம்மில் தப்பில்லை. ஆனால் அதே கம்பியை டயரின் தரை படும் பரப்புக்குக் கொண்டுபோனபோது ஒரு சக்கரத்தில் ஒரு இடம் மட்டும் தாழ்ந்து போனது. டயர் ஓரத்தில், ரிம்மை ஒட்டி வார்ப்பில் ஒரு மெல்லிய கோடு சுற்றி வரும். அது ரிம்முக்கு எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். இந்த டயரில் ஒரு சாண் நீளத்துக்கு அந்தக் கோடு ரிம்முக்குள் முங்கியிருந்தது. டயரின் விளிம்பு அங்கே ரிம்மில் சரியாக ஏறி உட்காரவே இல்லை. காற்றை இறக்கி, விளிம்பை உள்ளே தள்ளி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி காற்றடித்தபோது பட்டென்று ஒரு சத்தத்தோடு ஏறியது. இதற்கு ஆன செலவு ஒரு கரண்டி சோப்பு.

டயரின் வயதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும்; 3518 என்றால் 2018ஆம் வருடம் 35ஆவது வாரம் செய்தது. வருடத்துக்குச் சில நூறு மைல் ஓடும் வண்டியில் டயர் தேய்ந்து தீராது, கிழடாகித்தான் தீரும். பட்டன் ஆழமாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. உள்ளே அடுக்கு பிரிந்த டயரை எந்த பேலன்ஸிங்காலும் சரிசெய்ய முடியாது.

அடுத்தது பேலன்ஸிங். இந்த இடத்தில்தான் பெரும்பாலான ஸ்போக் வீல் வண்டிகள் ஏமாற்றப்படுகின்றன, யாரும் வேண்டுமென்று செய்வதில்லை என்றாலும். ஸ்போக் வீல் ஹப்பின் மேல் எங்கே மையம் பிடிக்கிறது? பல் வெட்டிய குழாயில் அல்ல. பல், சுழற்சியைக் கடத்துவதற்கு மட்டும். மையம் பிடிப்பது இரண்டு சரிவுகளில்: பின்பக்கம் ஹப்பின் அடியிலுள்ள சரிவு, முன்பக்கம் காது நட்டின் உள்ளேயுள்ள சரிவு. சாதாரண டயர் கடை இயந்திரத்தின் கூம்பு இந்தச் சரிவுகளைத் தொடுவதே இல்லை. குழாயின் விளிம்பில் எங்கோ முட்டி நிற்கும். அப்படி நிறுத்தி பேலன்ஸ் செய்தால், திரையில் பூஜ்யம் காட்டும், சாலையில் உதறும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. பேலன்ஸ் முடிந்து பூஜ்யம் காட்டியதும், சக்கரத்தைத் தளர்த்தி, இயந்திரத்தின் மேல் அரைச் சுற்று திருப்பி மறுபடி இறுக்கிச் சுழற்றச் சொல்லுங்கள். மறுபடியும் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் மையம் சரி. எண் மாறினால், மாட்டிய விதமே தப்பு. முந்தைய ரசீதில் இருந்த கடைக்கே போய் இதைக் கேட்டபோது எண் ஏகத்துக்கு மாறியது. ஸ்போக் வீலுக்கென்றே கடைந்த கூம்புகள் வைத்திருக்கும் பட்டறை ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொடுத்தேன். அதற்கு முன் சக்கரத்தின் உள் சரிவில் படிந்திருந்த பவுடர் கோட்டிங்கைச் சுரண்டி வெறும் உலோகமாக்கினேன். அழகுக்காக அடித்த பெயின்ட் அங்கே ஒரு பக்கம் தடிப்பாக இருந்தாலே சக்கரம் சாய்ந்து உட்காரும். சரியான கூம்பில் வைத்தபோது, ஏற்கெனவே பேலன்ஸ் ஆன ஒரு சக்கரம் 45 கிராம் தப்பு காட்டியது. 45 கிராம் என்றால் ஒன்றுமில்லை போலத் தோன்றும். 14 அங்குல ரிம்மின் ஓரத்தில், மணிக்கு 100 கிலோமீட்டரில், அது 6 கிலோவுக்கும் மேலான விசையாகி நொடிக்கு 14 முறை அச்சைப் பிடித்து இழுக்கும்.

சக்கரங்களை முன்னால் மாட்டி ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஏ34 சாலையில் ஓட்டினேன். பெரிய உதறல் போய்விட்டது. மிச்சம் அந்தச் சின்ன நடுக்கம்.

இனி பெருக்குகிறவர். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இடது சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் மெல்லிசாக ஒரு டிக். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, கைக்குத்தான் தெரிந்தது. இந்த டிக் வீல் பேரிங்கிலிருந்தும் வரலாம், முன் சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சான கிங் பின்னிலிருந்தும் வரலாம். பிரிக்காமலே கண்டுபிடிக்க ஒரு ஆள் வேண்டும். மகனை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தேன்.

"அப்பா, இப்ப மிதிக்கவா?"

"மிதி... இன்னும் நல்லா அழுத்து... விடாதே."

பிரேக் பிடித்திருக்கும்போது ஹப்பும், அது சுற்றும் குட்டை அச்சான ஸ்டப் ஆக்ஸிலும் ஒன்றாகிவிடும். அப்போதும் டிக் இருந்தால் கிங் பின், இல்லாவிட்டால் பேரிங். எனக்கு டிக் அப்படியே மறைந்தது. அவன் மிதித்திருந்தபோதே சக்கரத்தை முன்னும் பின்னுமாகத் திருப்பியும் பார்த்துக்கொண்டேன். ஹப் நிற்க சக்கரம் மட்டும் சற்றுத் திரும்பினால் பல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பல்லுக்கு இடையே செங்காவிப் பொடி கொட்டுவதும் அதன் அடையாளம். இரண்டும் இல்லை.

பிரேக் காலிபரைக் கழற்றி, ரப்பர் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி கட்டி ஸ்பிரிங்கில் மாட்டிவிட்டு ஹப்பை இழுத்தேன். ஸ்போக் வீல் ஹப்பில் ஸ்பிளிட் பின்னைப் பக்கத்திலிருக்கும் சின்ன ஓட்டை வழியாகத்தான் எடுக்க வேண்டும். மூக்கு இடுக்கியும் பொறுமையும் தேவைப்படும் வேலை. வெளிப் பேரிங் கையில் வந்தது. அதற்குப் பின்னால் வர வேண்டிய ஸ்பேசர் வரவில்லை. ஹப்புக்குள் விரலை விட்டுத் துழாவினேன். ஸ்பேசரும் இல்லை, இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையமான ஷிம்மும் இல்லை. யாரோ எப்போதோ பேரிங் மாற்றியபோது அதைத் தேவையில்லாத பொருள் என்று தூக்கிப்போட்டுவிட்டு, நட்டைக் கையளவுக்கு இறுக்கிக் கொஞ்சம் தளர்த்தி, சாதாரணக் கார் மாதிரி பின் குத்தியிருக்கிறார்கள்.

எம்ஜிபியின் முன் ஹப்பில் டேப்பர் ரோலர் பேரிங் இரண்டு. நடுவில் ஒரு ஸ்பேசர் குழாய், அதன் முனையில் மெல்லிய ஷிம்கள். நட்டை 40 முதல் 70 பவுண்டு அடி வரை முறுக்கி இறுக்க வேண்டும். அந்த இறுக்கம் பேரிங் உருளைகள் மேல் விழாது. உள் பேரிங்கின் உள் வளையம், ஸ்பேசர், ஷிம், வெளிப் பேரிங்கின் உள் வளையம், வாஷர் எல்லாவற்றையும் ஒரே கட்டையாகப் பிடித்து ஸ்டப் ஆக்ஸிலை விறைப்பாக்கும். ஸ்பேசர் இல்லாவிட்டால் அந்த விறைப்பு இல்லை. மெல்லிய ஆக்ஸில் தனியாக வளைந்து வளைந்து வேலை செய்யும். நாளடைவில் உலோகம் சோர்ந்து முறியும் அபாயமும் உண்டு. ஸ்டியரிங் நடுங்குகிறது என்று தேடப் போய் இதைக் கண்டதில் எனக்கு நடுக்கத்தைவிடப் பெரிய கவலை வந்தது. 2018இலிருந்து பிரிட்டனில் 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு வருடாந்திர எம்ஓடி சோதனை கட்டாயமில்லை. வருடத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவர் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததும் அதோடு நின்றது. நாமே ஆட்டிப் பார்த்தால்தான் உண்டு.

புது ஸ்பேசர், புது பேரிங் ஜோடி, ஷிம் பொட்டலம் வாங்கினேன். ஷிம்கள் மூன்று தடிமனில் வரும்: அங்குலத்தில் ஆயிரத்தில் 3, 5, 10 பாகம். லேத் பட்டறையில் தௌ என்பார்களே, அந்த அளவு. இலக்கு 2 தௌ முதல் 4 தௌ வரை ஆட்டம். முதலில் கிரீஸும் ஆயில் சீலும் இல்லாமல் மாட்ட வேண்டும். கிரீஸ் படலம் ஆட்டத்தை மறைக்கும், சீல் உரசி ஏமாற்றும். ஆட்டம் தெளிவாகத் தெரியும் அளவுக்குக் கூடுதலாக ஷிம் அடுக்கி, நட்டை முழுதாக இறுக்கி, டயல் கேஜின் காந்தக் காலை டிஸ்க்கில் ஒட்டி, முள்ளை ஆக்ஸில் முனையில் வைத்தேன். ஹப்பைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளி வெளியே இழுத்தால் 11 தௌ. மறுபடி பிரித்து ஒரு 5, ஒரு 3 எடுத்தேன். இறுக்கிப் பார்த்தால் 3 தௌ. கேட்க எளிதாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நட்டு, வாஷர், வெளிப் பேரிங் எல்லாம் எண்ணெய்க் கையோடு கழற்றி மாட்ட வேண்டும். நட்டின் பள்ளமும் பின் ஓட்டையும் நேராக வராவிட்டால் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்திப் பொருத்தக் கூடாது. 40இலிருந்து 70 வரை இடம் விட்டிருப்பதே அதற்காகத்தான். எல்லாம் சரியானதும் பிரித்து, உருளைகளுக்குள் உள்ளங்கையால் கிரீஸைத் திணித்து, புதுச் சீலோடு மாட்டினேன். வெளித் தொப்பிக்குள் கிரீஸ் அடைக்க வேண்டாம். சூடானால் அது போக வேறு வழி தேடும், பிரேக் பக்கம்தான் வரும்.

வலது பக்கத்தையும் பிரித்துப் பார்த்தேன். அங்கே ஸ்பேசரும் ஷிம்மும் ஒழுங்காக இருந்தன, அளவும் சரி.

தூக்கி நிறுத்தியிருக்கும்போதே கிங் பின்னுக்கு கிரீஸ் அடித்துவிட்டேன். ஒரு பக்கத்துக்கு மூன்று நிப்பிள். சக்கரம் தொங்கும்போது அடித்தால்தான் பாரம் தாங்கும் பக்கத்துக்குள் கிரீஸ் நுழையும். பழைய கறுப்பு கிரீஸ் வெளியே வந்து புதுசு எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். சஸ்பென்ஷனின் மேல் கையாக வேலை செய்வதே லீவர் டேம்பர் (அதிர்வைத் தணிக்கும் பாகம்) என்பதால் அதன் அச்சில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்த்தேன், இல்லை.

கீழ்க் கையின் உள் புஷ்கள் வேறு கதை. கடப்பாரை முனையால் லேசாக நெம்பியதுமே கை அப்படியே நகர்ந்தது. என்ஜின் எண்ணெய் சொட்டிச் சொட்டி ரப்பர் ஊறிப்போய் விரலில் ஒட்டியது. இதற்கு பாலியூரித்தேன் புஷ் போடச் சொல்லும் கூட்டம் பெரிது. பந்தயத்துக்குப் போகாதவர்களுக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். சத்தமும் கடினமும்தான் மிச்சம். 1973 முதல் 1976 வரை வந்த எம்ஜிபி ஜிடி வி8 வண்டிக்கென்று செய்த, உலோகக் குழாயோடு ஒட்டிய ரப்பர் புஷ் அப்படியே பொருந்தும். அதையே போட்டேன். ஸ்பிரிங் தட்டைக் கழற்றும்போது அடியில் ஜாக்கியும் கூடவே ஒரு சங்கிலியும் இருக்கட்டும். அந்த ஸ்பிரிங்கில் இருக்கும் விசை விளையாட்டல்ல. இன்னொன்று, உள் அச்சின் நட்டுகளை வண்டி தன் சக்கரத்தில் நின்று பாரம் விழுந்த பிறகே இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் புஷ் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

புஷ் மாற்றியதால் டோ-இன், அதாவது முன் சக்கரங்கள் முன்பக்கம் சற்று உள்நோக்கியிருக்கும் அளவு, மாறியிருக்கும் என்று நேர் பலகை இரண்டை வைத்து அளந்தேன். அங்குலத்தில் 16இல் ஒரு பாகத்திலிருந்து 32இல் மூன்று பாகம் வரை இருக்கலாம். கொஞ்சம் திருத்த வேண்டியிருந்தது, அவ்வளவே.

பிறகு அதே ஏ34. 55, 60, 62, 65. ஸ்டியரிங்கில் சாலையின் சொரசொரப்பு மட்டும் வந்தது. பேரிங்கால் எவ்வளவு, புஷ்ஷால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை; இரண்டையும் ஒரே மூச்சில் செய்துவிட்டேன். ஆனால் சக்கரத்தைச் சரிசெய்தபோது போனது எவ்வளவு, முன்பக்கத்தை இறுக்கியபோது போனது எவ்வளவு என்பது தெளிவு. முக்கால் பங்கு சக்கரம். காது நட்டுகளைச் சிறிது தூரம் ஓட்டியபின் மறுபடி ஒருமுறை தட்டி இறுக்கினேன், இரண்டு லேசாக நகர்ந்தன.

உதறல் போனதும் அதற்கு அடியில் ஒளிந்திருந்த இன்னொன்று காதில் விழுகிறது. 68 மைலில் தரைத்தகட்டில் மெல்லிய ரீங்காரம். கைப்பேசியில் பார்த்தால் 60ஐச் சற்றுத் தாண்டிய இடத்தில் சின்ன முகடு. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சுற்றோடு அது ஒத்துப்போகிறது. அடியில் படுத்து ஷாஃப்ட்டைக் கையால் திருப்பிப் பார்த்ததில் அதை மடங்கவிடும் பின் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட் ஒரு திசையில் மட்டும் சற்றே கெட்டியாக மடங்குகிறது. குளிர்காலத்தில் வண்டியை நிறுத்தும்போது அதைக் கழற்றுவேன். பின்பக்கம் நாலு போல்ட்தான். கழற்றும் முன் இரண்டு ஃபிளாஞ்சிலும் ஆணியால் ஒரே கோடாகக் கீறி வைத்துக்கொள்ள வேண்டும், மறுபடி அதே நிலையில் மாட்ட.